சத்தம் உள்ள டயர்

கடைக்காரர்: “ஒன்பதாம் தேதி, செவ்வாய். இன்று வண்டி வந்தது என் காதில் விழவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்து விட்டிருந்தேன். தவறு என்னுடையது.” ...என்ன பாப்பா இது? டயர் சைஸ் எழுதிட்டு வந்திருக்கேன்னு சொல்லித்தானே நோட்டைக் குடுத்த?

மகள்: ஐயோ, அந்தப் பக்கம் இல்லண்ணே! குடுங்க, நானே எடுத்துத் தரேன்.

கடைக்காரர்: இரு, நானே பார்க்கிறேன்... குழாயைத் திறந்ததுக்கெல்லாமா மன்னிப்புக் கடுதாசி? எங்க வீட்ல நாள் பூரா குழாய் திறந்துதான் கிடக்கும். ஒருத்தரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்ல.

அம்மா: என்னடி படிக்கிறாரு?

மகள்: ஒண்ணுமில்லம்மா. வகுப்புல எழுதச் சொன்னது.

கடைக்காரர்: எந்த வகுப்பு?

மகள்: சாயங்கால வகுப்புண்ணே. லேப் டெக்னீசியன் படிப்பு. தினம் பண்ணின தப்பு ஒண்ணு, மறுநாளைக்குச் செய்ய வேண்டிய வேலை ஒண்ணு... ரெண்டையும் எழுதி வைக்கணும்னு டீச்சர் சொல்லிருக்காங்க.

கடைக்காரர்: தினம் ஒரே ஒரு தப்புதானா? நமக்கு நோட்டு பத்தாது... ஆங், வந்துடுச்சு. நூத்தி எண்பத்தஞ்சு, அறுபது, பதினஞ்சு. கீழ என்னமோ... “மூன்று முறை சரிபார்த்தேன்.” மூணு தடவையா?

மகள்: ரெண்டு தடவை பார்த்தும் சந்தேகமா இருந்துச்சு.

கடைக்காரர்: டயர்லயே கொட்டை எழுத்துல இருக்குமே! சரி, அக்கா, வண்டி ஹைப்ரிட்தானே? ...அக்கா?

மகள்: வலது பக்கம் வந்து கேளுங்கண்ணே. அம்மாவுக்கு இடது காது கேக்காது.

கடைக்காரர்: அடடா, தெரியாமப் போச்சு. ஹைப்ரிட்தானேக்கா?

அம்மா: ஆமா. பாதி பெட்ரோல், பாதி பேட்டரி.

கடைக்காரர்: பேட்டரி கனம் டயரைத் தின்னுடும். ஆனா உங்களது தேஞ்சிருக்கிற அழகைப் பாருங்க! நாலும் ஒரே மாதிரி. ஒரு ஓரம்கூடக் கோணல் இல்ல. யாரு ஓட்டறது?

அம்மா: அவர்தான். இன்னிக்கு ஆபீஸ் வண்டியில போயிருக்கார், அதான் இவ ஓட்டிட்டு வந்தா. நாளைக்குக் காலையில இதை எடுக்கணும்னு சொல்லிட்டுப் போனார்.

கடைக்காரர்: தங்கமான கைக்கா அது. வெடுக்குனு பிரேக் போடாத மனுஷன். இப்படி ஓட்டறவங்களை வருஷத்துக்கு ஒருத்தரைப் பார்த்தா ஜாஸ்தி.

அம்மா: ரோட்ல அப்படித்தான். ஹாரன்கூட அடிக்க மாட்டார்.

கடைக்காரர்: குடுத்து வச்சவங்க நீங்க.

அம்மா: ...டயரைக் காட்டுங்க.

கடைக்காரர்: இதைப் பாருங்க. இந்த வண்டிக்குன்னே பொறந்தது. லேசா உருளும், பெட்ரோல் மிச்சம். சத்தம் எவ்வளவுன்னு ஸ்டிக்கர்லயே போட்டிருக்கான். அறுபத்தெட்டு டெசிபெல். பூனை நடந்து வர்ற மாதிரி இருக்கும்.

மகள்: வேற இருக்காண்ணே?

கடைக்காரர்: இதுக்கும் கம்மியாவா? அப்புறம் வண்டியைத் தூக்கிட்டுத்தான் போகணும்.

மகள்: கம்மி இல்ல. ஜாஸ்தி.

கடைக்காரர்: எது ஜாஸ்தி?

மகள்: சத்தம்.

கடைக்காரர்: ...அக்கா, பாப்பா என்னை வச்சு விளையாடுதா?

அம்மா: இல்ல. நிஜமாத்தான் கேக்கறா.

கடைக்காரர்: இருபது வருஷமா இந்தக் கடையில உக்காந்திருக்கேன். சத்தம் வருதுன்னு சண்டைக்கு வந்தவங்க உண்டு. சத்தம் வேணும்னு வந்தவங்க நீங்கதான். எதுக்காம்?

மகள்: அம்மாவுக்குக் காது... வண்டி வர்றது தெரிஞ்சாத்தானே போய் கேட்டைத் திறக்க முடியும்?

கடைக்காரர்: ஒரு ஹாரன் அடிச்சா முடிஞ்சது.

அம்மா: அடிக்க மாட்டார்னு இப்பத்தானே சொன்னேன்.

கடைக்காரர்: சரி, மெதுவாப் போறப்ப இந்த வண்டியில ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம் வருமே. தெருவுல நடக்கிறவங்களுக்காக கம்பெனிக்காரனே வச்சு அனுப்பறது...

மகள்: அதைக் கழட்டிட்டார்.

கடைக்காரர்: கழட்டிட்டாரா? அதைப் போய் யாராவது கழட்டுவாங்களா?

மகள்: வண்டி வாங்கின மறுநாளே.

கடைக்காரர்: எதுக்கு?

அம்மா: தலை வலிக்குதுன்னு.

மகள்: நாய் பயப்படுதுன்னு.

கடைக்காரர்: தலைவலியா, நாயா?

அம்மா: ...ரெண்டும்தான்.

கடைக்காரர்: உங்க வீட்ல நாய் இருக்கா?

மகள்: இல்ல.

கடைக்காரர்: ம்... சரி, நமக்கெதுக்கு. மண் ரோட்டுக்குப் போடற டயர் ஒண்ணு இருக்கு. கட்டை கட்டையா இருக்கும். எழுபத்திநாலு டெசிபெல். ஆனா சொல்லிடறேன், பெட்ரோல் குடிக்கும். இந்த வண்டியோட சொகுசே போயிடும்.

மகள்: மெதுவா வந்தாலும் கேக்குமா?

கடைக்காரர்: எவ்வளவு மெதுவா?

மகள்: மணிக்குப் பத்து கிலோமீட்டர்.

கடைக்காரர்: பத்துலயா? பத்துல எந்த டயரும் வாயைத் திறக்காது பாப்பா. இது ஏதோ கொஞ்சம் முனகும். பத்துல யாரு ஓட்டுவா, ஊர்வலமா?

மகள்: தெருமுனை திரும்பினதுல இருந்து கேட் வரைக்கும் பத்துதான். நூத்திப் பத்து தப்படி, இருபத்தொம்பது நொடி. எட்டு தடவை அளந்தேன். ஒரு தடவை மட்டும் முப்பது வந்துச்சு, அது நான் எண்ணினதுல தப்பா இருக்கும்.

கடைக்காரர்: அப்பா வீட்டுக்கு வர்றதை உக்காந்து அளந்துட்டா இருக்க?

அம்மா: அந்த டயரையே போடுங்க. நாலும்.

கடைக்காரர்: போட்டுடலாம். இந்தச் சீட்டுல ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா.

அம்மா: இவ போடுவா.

கடைக்காரர்: வண்டிக்காரங்க போட்டாத்தான்... கையில என்னக்கா கட்டு?

அம்மா: கதவுல மாட்டிக்கிச்சு.

கடைக்காரர்: எப்போ?

அம்மா: செவ்வாய்க்கிழமை.

கடைக்காரர்: ...செவ்வாயா?

மகள்: அம்மா, போன் அடிக்குது. அப்பா. சீக்கிரம் எடு, நாலு தடவைக்கு மேல அடிக்க விடாத.

அம்மா: ...சொல்லுங்க. ஆமா, கடையிலதான். ...இன்னும் இல்ல. ...இல்லைங்க, சும்மா நிக்கல. ...அண்ணே, இந்தாங்க. உங்ககிட்டப் பேசணுமாம்.

கடைக்காரர்: வணக்கம் சார்! டயரைப் பார்த்துட்டு இப்பத்தான் சொல்லிட்டிருந்தேன், அருமையா ஓட்டறீங்க. ...நன்றி சார். ...சத்தமே இல்லாததா? இருக்கு சார், என் கையிலயே... ...என்ன சார்? ...ம். ...ம். ...இல்ல சார், கேக்குது. ...ஒரு நிமிஷம் இருங்க சார், ஸ்டாக் பார்த்துச் சொல்றேன்.

மகள்: அண்ணே...

கடைக்காரர்: ...சார்? அது தீந்துடுச்சு சார். காலையிலதான் நாலும் போச்சு. ...வர ஒரு மாசம் ஆகும். ...இல்ல சார், இந்தத் தேஞ்ச டயரோட ஓட்டவே கூடாது, ஒரு மழை பேஞ்சா பிரேக் பிடிக்காது. வேற போட்டு அனுப்பறேன். கொஞ்சம் சத்தம் வரும். ...அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். நானாத்தான் போடறேன். குறை இருந்தா என்கிட்ட வந்து கேளுங்க. ...சரி சார். ...வச்சிடறேன்.

அம்மா: பின்னாடி நாலு அடுக்கி வச்சிருக்கீங்களே.

கடைக்காரர்: அதுவா... அது வேற வண்டிக்கு.

அம்மா: அறுபத்தெட்டுன்னு ஸ்டிக்கர் இருக்கு. எனக்குக் காதுதான் கேக்காது, கண்ணு நல்லாத் தெரியும்.

கடைக்காரர்: இன்னிக்கே குடோனுக்கு ஏத்திடறேன்கா. அவர் வந்து பார்த்தாலும் இங்க இருக்காது.

மகள்: அப்பா என்ன சொன்னார்ண்ணே?

கடைக்காரர்: அதை விடு.

மகள்: சொல்லுங்க. நான் எழுதிக்கணும்.

கடைக்காரர்: ...‘நான் வந்து நிக்கறது வீட்ல இருக்கிறவங்களுக்கே தெரியக் கூடாது’ன்னார். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னார்.

அம்மா: சிரிச்சாரா?

கடைக்காரர்: ஆமாக்கா.

அம்மா: அப்போ இன்னிக்கு ஒண்ணும் இருக்காது.

கடைக்காரர்: ...பாப்பா, நான் படிச்சது ஒரு பக்கம் இல்ல. நீ நோட்டைப் பிடுங்கறதுக்குள்ள மூணு பக்கம் படிச்சிட்டேன். வேணும்னு பண்ணல.

அம்மா: மூணு பக்கமா? எத்தனை நாளாடி எழுதற?

மகள்: வகுப்புல சேர்ந்ததுல இருந்து.

அம்மா: எல்லாத்தையுமா?

மகள்: எனக்குக் கேக்காத நாளை மட்டும்தாம்மா.

கடைக்காரர்: அக்கா, கதவுல மாட்டினதுன்னு சொன்னீங்களே, அந்தக் கை...

அம்மா: தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்கறீங்க?

கடைக்காரர்: காது?

அம்மா: அது பழசு. கல்யாணமான புதுசுல.

கடைக்காரர்: எங்கேயாவது போயிடலாமேக்கா. கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?

அம்மா: தங்கச்சி வீட்டுக்குப் போனோம். ரெண்டு தடவை. அங்கயும் வந்து நின்னுச்சு வண்டி. சத்தமில்லாமதான். டயரை மாட்டுங்கண்ணே. நேரமாகுது.

கடைக்காரர்: ...நாலும் மாட்டியாச்சு, காத்தும் பார்த்தாச்சு. கடைக்குப் பின்னாடி சந்து ஒண்ணு இருக்கு, ஆள் நடமாட்டம் கிடையாது. நானே ஓட்டிட்டு வரேன், கேட்டுப் பார்த்துட்டுப் போங்க.

மகள்: நீங்க மாட்டிட்டு இருக்கிறப்பவே அளந்துட்டேன்ணே. அந்தக் குப்பைத்தொட்டிதான் தெருமுனை. இந்தக் கதவுதான் எங்க வீட்டு கேட். பத்துக்கு மேல போகக் கூடாது.

கடைக்காரர்: உத்தரவு.

மகள்: அம்மா, சுவத்தைப் பார்த்து நில்லு. கண்ணை மூடிக்கோ. கேட்டதும் கையைத் தூக்கு... அந்தக் கை இல்ல, நல்ல கை.

அம்மா: கிளம்பிட்டாரா?

மகள்: அதைச் சொன்னா எப்படிம்மா? பேசாம இரு.

அம்மா: ...

மகள்: ...

அம்மா: ...இப்போ! இப்போ கேக்குது!

மகள்: ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... ஆறு... ஏழு... எட்டு... ஒம்பது... பத்து... பதினொண்ணு. நின்னுடுச்சு.

கடைக்காரர்: என்னக்கா, கேட்டுச்சா?

அம்மா: கேட்டுச்சு. யாரோ தரையைப் பிராண்டற மாதிரி.

மகள்: பதினொண்ணுண்ணே. பழைய டயருக்கு அம்மா நாலு நொடி முன்னாலதான் கையைத் தூக்கினாங்க.

கடைக்காரர்: அப்புறம் என்ன, நல்லதுதானே? ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?

மகள்: பதினாலு வேணும்.

கடைக்காரர்: கேட்டைத் திறக்கவா பதினாலு நொடி?

மகள்: கேட்டுக்கு இல்ல. என் குட்டித் தங்கச்சிக்கு. அவ படிக்கிற மேஜையில இருந்து பின்வாசல் வரைக்கும் ஒம்பது நொடி. செருப்பு மாட்ட அஞ்சு. வெளிய போயிட்டா பக்கத்து வீடு. போன மாசம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல அவ வந்து நின்னுட்டாண்ணே... அவ வீட்டுக்குள்ள இருக்கவே கூடாது.

கடைக்காரர்: என்ன வயசு?

அம்மா: ஏழு.

மகள்: மூணு நொடி குறையுது. நான்தான் சரியா யோசிக்கல, தெருமுனையில ஏதாவது வழி பண்ணிருக்கணும். அம்மா, நாளைக்கு நான் வகுப்புக்குப் போகல. வாசல்லயே நின்னு பார்த்துச் சொல்றேன்.

அம்மா: நீ போற.

மகள்: நான் இல்லன்னா மூணு நொடியை எங்கிருந்தும்மா எடுப்ப?

அம்மா: செருப்பு வேணாம்.

மகள்: என்ன?

அம்மா: சின்னவ வெறுங்காலோட ஓடட்டும். ஒம்பதுதானே ஆகும்? ரெண்டு மிச்சம்.

மகள்: அந்த ரெண்டு எதுக்கு?

அம்மா: பின்வாசலை நான் உள்பக்கம் தாழ் போடணும்ல.

மகள்: அப்புறம்... நீ?

அம்மா: நான் போய் கேட்டைத் திறக்கணும்.

கடைக்காரர்: அக்கா...

அம்மா: நோட்டை எடுடி. அந்தக் குழாய் சமாச்சாரத்தை அடிச்சிடு. அது உன் தப்பு இல்ல.

மகள்: எழுதினதை அடிக்கக் கூடாதும்மா. வகுப்புல அதுதான் முதல் விதி.

அம்மா: அப்போ அதுக்குக் கீழ எழுது, நாளைக்கு வேலைன்னு ஒண்ணு எழுதுவியே, அதை. என்ன எழுதற? சத்தமாப் படி, எனக்குக் கேக்கட்டும்.

மகள்: “நாளை, பன்னிரண்டாம் தேதி, வெள்ளி. வகுப்புக்குப் போவதற்கு முன், பின்வாசலிலிருந்து பக்கத்து வீடு வரைக்கும் கிடக்கும் கற்களைப் பொறுக்கிவிட வேண்டும்.”