மூன்றாம் அறையின் விளக்கு

ஆய்வாளர் அவர்களே, இந்த அறையின் மின்விசிறியைப் போடுவதற்கு உங்கள் காவலர் நான்கு சுவிட்சுகளைத் தட்டிப் பார்த்தார். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பல ஆண்டுகளாக இங்கே பணிபுரிவதாகச் சொல்கிறார். அந்தப் பலகைதான் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு காலத்தில் நானும் ஆளைத்தான் கடிந்துகொண்டிருப்பேன். இப்போது பலகையைப் பார்க்கிறேன். அப்படிப் பார்க்க எனக்குக் கற்பித்தவர், காலையிலிருந்து வெளியே உங்கள் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டிருக்கும் ஆதித்தன். பொன்னுராஜின் சாவுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லவே வந்தேன்.

முதலாளி அழகுமலை அவர்களின் வாழைக்காய்க் கிடங்கில் நிர்வாகப் பொறுப்பு என்னுடையது. ஓய்வு பெறும் வயதைக் கடந்த பின்பும் அவர் என்னை விடவில்லை. நான் இருக்கும் இடத்தில் பொருள் இடம் மாறாது. ஆள் நேரம் தவறமாட்டார். கம்பம் பள்ளத்தாக்கின் காய் கப்பலேறத் தொடங்கியதும் அவர் மூன்று அறைகளைக் கட்டினார். அவை வெறும் குளிரறைகள் அல்ல. கதவை மூடியபின் உள்ளே இருக்கும் பிராணவாயுவை வெளியேற்றி, நைட்ரஜனை நிரப்புவார்கள். காய் பழுக்காமல் வாரக்கணக்கில் உறங்கும். அந்நேரத்தில் மனிதர் நுழைந்தால் சில மூச்சுகளிலேயே அவரும் உறங்குவார், எழமாட்டார். அந்தக் காற்றுக்கு மணம் கிடையாது. ஆகவே நுழைவதற்கு முன் விசிறியை ஓட்டி வெளிக்காற்றை நிரப்ப வேண்டும். விசிறி ஓடுகிறதா, நிற்கிறதா என்பதைக் கதவருகே இரண்டு விளக்குகள் காட்டும்.

மின்பலகை செய்பவர்களின் வழக்கப்படி, சிவப்பு எரிந்தால் மோட்டார் ஓடுகிறது. பச்சை எரிந்தால் நின்றிருக்கிறது. எனவே எங்கள் கிடங்கில் சிவப்பு என்றால் உள்ளே போகலாம். பச்சை என்றால் போகக்கூடாது. தேனியில் போக்குவரத்து விளக்கைப் பார்த்த எவரும் இதை நேர்மாறாகத்தான் புரிந்துகொள்வார்.

இதை முதலில் சொன்னவர் ஆதித்தன். மதுரையிலிருந்து மின்பலகைகளைச் சீரமைக்க வந்தவர், எதையும் தொடாமல், கவிழ்த்துப் போட்ட பெட்டியொன்றில் அமர்ந்து பெண்கள் வேலை செய்வதைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலாளியின் முன்னிலையில் பேசினார்.

“இங்கன ஒருத்தரும் அந்த விதிமுறைப் போர்டப் படிக்கல சார். விளக்கத்தான் பாக்குறாக. அவுக மனசுல பச்சைன்னா போகலாம். நம்மதான் அதுக்குத் தக்கன மாத்தணும்.”

இயந்திரப் பொறுப்பாளர் பொன்னுராஜ் சிரித்தார். “ஏலே தம்பி, கார்ல பிரேக்க எங்கன வைக்கன்னு கம்பெனிக்காரன் ஒன்னயக் கேட்டுட்டா வச்சான்? நம்ம பழகி ஓட்டல? ஆளுக்கு ஒரு கலர் மாத்திக்கிட்டே இருக்கதுக்கு இது கிடங்கா, கல்யாண வீட்டு சீரியல் செட்டா?”

“பிரேக்கு எல்லாக் கார்லயும் ஒரே எடத்துல இருக்குண்ணே. இந்த விளக்குத்தான் ஊரெல்லாம் ஒண்ணு சொல்லுது, இங்கன வந்தா வேற சொல்லுது.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீங்க என்னம்மா சொல்றீக?”

விதிமுறைகள் ஒவ்வொரு கதவிலும் பிழையற எழுதித் தொங்கவிடப்பட்டுள்ளன என்றும், படிக்க மறுப்பவருக்காக ஓர் ஒழுங்கைக் கலைப்பது முறையன்று என்றும் சொன்னேன். அது கருத்து மட்டுமே. முடிவெடுத்தவள் நான் அல்லேன். ஆதித்தனின் திட்டத்தைச் சிரித்துத் தள்ளியவர் பொன்னுராஜ். இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை சங்கிலியம்மாளுக்குக் கணவர் இல்லை. பண்ணைப்புரத்திலிருந்து அவளை அழைத்துவந்து, காய் அடுக்கும் பகுதியில் நானே சேர்த்தேன். அவள் மகன் மகிழன் அங்கேயே சுமை ஏற்றுபவன். சேர்ந்த புதிதில் அவள் என்னிடம், “ஏக்கா, செகப்பு எரிஞ்சா போகச் சொல்றாகளே, அது என்னக்கா கூத்து?” என்று கேட்டாள். எழுதியிருப்பதன்படி நட என்றேன். அதைவிடத் தெளிவான விடை வேறென்ன இருக்க முடியும்?

ஆடி மாதத்தில் ஒரு நாள், முதலாம் அறையில் பச்சை எரிவதைப் பார்த்து, தள்ளுவண்டியை எடுப்பதற்காக அவள் உள்ளே போனாள்.

நான் போனபோது, உயிரற்ற அவளை வெளியே இழுத்துத் தரையில் கிடத்தியிருந்தார்கள். மகிழன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “ஆத்தா, ஆத்தா” என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். பொன்னுராஜ் வந்தார். விளக்கைப் பார்த்தார். “பச்சையப் பாத்துட்டுப் போயிருக்கு. எழுதி வச்சதப் படிக்காமப் போனா மிசினு என்னய்யா செய்யும்? ஆளு மேலதான் தப்பு” என்றார். பிறகு பக்கத்தில் நின்றவர்களிடம், “கதவச் சாத்துங்கடா, காய் கெட்டுரும்” என்றார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. அழும் மகனைப் பார்க்கவும் இல்லை. அந்த நொடியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அவசரப்படவில்லை, அவசரத்தில் செய்யும் எதுவும் செம்மையாக அமைவதில்லை.

அதன்பின் முதலாளி ஆதித்தனை மீண்டும் அழைத்தார். முதல் இரண்டு அறைகளிலும் நிறங்கள் மாற்றப்பட்டன: பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் நிற்க வேண்டும். யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் அன்றே அதன்படி நடந்தார்கள். மூன்றாம் அறையை மட்டும் பொன்னுராஜ் தொடவிடவில்லை. “மூணாவது என் ரூமு. எனக்குத் தெரிஞ்சது எனக்குப் போதும். எவனும் அங்கிட்டு வர வேணாம்” என்றார். சாவியும் அவரிடமே இருந்தது. பயனர் ஒருவர் மட்டுமே உள்ள அறை கிடைப்பது அரிது என்று பின்னர் அறிந்துகொண்டேன்.

ஆதித்தனிடம் மாணவியைப் போலக் கேட்டேன். வயதான ஒருத்தி தன் கருத்தை மாற்றிக்கொண்டாள் என்று அவர் மகிழ்ந்தார். “என்ன செய்வீகன்னு ஆளுகளக் கேக்காதீகம்மா. கேட்டா நல்லதத்தான் சொல்லுவாக. பக்கத்துல இருந்து சும்மா பாத்தாப் போதும்” என்றார். நல்ல ஆசிரியர். எதற்காகக் கற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

நான் பொன்னுராஜைப் பார்த்தேன். பள்ளத்தாக்கில் திராட்சை வெட்டு தொடங்கி முடியும்வரை பார்த்தேன். நாள்தோறும் காலையில் மூன்றாம் அறைக்கு வருவார். விதிமுறைப் பலகையை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்த்ததில்லை; என் தங்கையைப் போலவேதான். விளக்குகளில் எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று கவனிக்கமாட்டார். நடைவழியின் தொலைவிலிருந்தே நிறத்தை மட்டும் பார்ப்பார். வலக்கையில் செல்பேசி காதோடு ஒட்டியிருக்கும். இடக்கை சாவியைத் திருகும். பேச்சு நடுவில் இருப்பதால் உள்ளே விசிறி ஓடும் ஓசை இருக்கிறதா, இல்லையா என்பது அவர் காதில் விழாது. பயனருக்கு ஏற்ற வடிவமைப்பு வெறும் பகட்டு என்று அவர் ஏளனம் செய்ததுண்டு. அவருக்கென்றே ஒன்றை வடிவமைத்தேன். அவர் அளவுக்கு எவரையும் நான் கூர்ந்து அறிந்ததில்லை. என் தங்கையைக்கூட.

சென்ற வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னதாக வந்தேன். நாள்தோறும் அவர் வருமுன் தானாக ஓடத் தொடங்கும் மூன்றாம் அறையின் விசிறியை, அன்று ஓடாதபடி நிறுத்திவைத்தேன். உள்ளே நைட்ரஜன் நிறைந்தே இருந்தது. விளக்குகளின் மேல் இருக்கும் நிறக் கண்ணாடி மூடிகளை விரலால் திருகினாலே கழன்றுவிடும். இரண்டையும் இடம் மாற்றினேன். முதல் இரண்டு அறைகளில் ஆதித்தன் செய்ததும் இதுவேதான். ஆகவே அன்று அந்தச் சிவப்பு விளக்கு கிடங்கில் இருந்த எல்லோருக்கும் உண்மையைச் சொன்னது. ஒருவருக்கு மட்டும் பொய் சொன்னது.

என் மேசையிலிருந்து கண்ணாடி வழியே நடைவழி தெரியும். அவர் குமுளி வியாபாரி ஒருவருடன் மலையாளத்தில் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். சிவப்பைப் பார்த்தார். சாவியைத் திருகினார். பேச்சு பாதியில் நின்றது. நான் எதிர்பார்த்த வரிசையில் ஒன்றும் பிசகவில்லை. எனக்குள் நிறைவு உண்டானதை மறைக்கமாட்டேன்.

உங்கள் அறிக்கையில் ‘விளக்குகளின் குறைபாடான வடிவமைப்பே காரணம்’ என்று எழுதப்படவிருப்பதாக அறிந்தேன். அதனால்தான் ஆதித்தனை உட்காரவைத்திருக்கிறீர்கள். அந்த வாக்கியம் தவறானது. வடிவமைப்பில் குறைபாடே இல்லை. யாருக்காக அமைக்கப்பட்டதோ, அவரிடம் அது முழுமையாக வேலை செய்தது. அமைத்தவள் நான்.

மகிழனைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

அவன் தள்ளுவண்டியோடு நடைவழியில் வந்தான். திறந்த கதவுக்குள் பொன்னுராஜ் விழுந்து கிடப்பதைக் கண்டான். நின்றான். விளக்கை ஏறிட்டுப் பார்த்தான். அதை நான் பார்த்தேன். அங்கேயே நிற்பான் என்று நம்பினேன். தன் தாயின் பிணத்தருகே நின்று அவள்மேல் பழி போட்டவரைக் காக்க எவன் போவான்? வண்டியை அப்படியே விட்டுவிட்டு, “அண்ணே! பொன்னுராஜண்ணே!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான். இருமுறை இழுத்திருப்பான். அதற்குமேல் ஓசையில்லை.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பான்.

என்னைப் பெரியம்மா என்று அழைக்க இருந்தவன் அவன் ஒருவன்தான். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால், ஆய்வாளர் அவர்களே, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பொன்னுராஜ் என் பொறுப்பு, எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன். மகிழனுக்குச் சிவப்பின் பொருள் தெரியும். விளக்கு அவனிடம் பொய் சொல்லவில்லை. பார்த்த பின்பும் போனது அவனுடைய கவனக்குறைவு. அதை என் கணக்கில் சேர்க்காதீர்கள்.