ரெண்டு வாளி வெந்நீர்

அந்தக் கூடையை மொதல்ல கீழ வை, ஜமிலு. மாமனார் வீட்டுலேந்து மச்சான் கூடையோட வந்தா ஏதோ கொண்டு வந்திருக்கான்னு நெனைப்பேன். நீ என்னடான்னா எடுத்துட்டுப் போக வந்திருக்கே. பெரணிச் செடி வேணுமாமா உங்கக்காவுக்கு? கோவிச்சுக்கிட்டு அப்பா வீட்டுக்குப் போயி மூணு மாசம், ஒரு வார்த்தை இல்ல. இப்ப செடி வேணுமாம்.

சரி, எங்க வைப்பீங்க? டிவி பக்கத்துலயா. ம். தலைக்கு மேல ஃபேன் வேற சுத்தும். பிரமாதம். ஆட்டைக் கொண்டு போய் கசாப்புக்கடை வாசல்ல கட்டுங்க.

வெளிய பாத்தேல்ல? பாலைவனத்துலேந்து வர்ற ஹர்மத்தான் காத்து அடிக்கற அடியில எதிர்வீட்டுக் கூரையே தெரியல, அவ்வளவு தூசி. உன் ஒதட்டைத் தொட்டுப் பாரு, வெடிச்சுக் கெடக்கு. மனுசத் தோலுக்கே இந்தக் கதின்னா அந்த இலைக்கு?

தெளிப்பீங்களா? எதுல, சட்டை தேய்க்கறப்ப தண்ணி அடிக்கற குப்பியிலயா? எல்லா மேதாவியும் இதையேதான் சொல்றான். நீ மூக்கைத் துடைக்கறதுக்குள்ள அது காஞ்சுடும்ப்பா. அதுக்கு வேண்டியது தண்ணி இல்ல, ஈரக் காத்து. வித்தியாசம் புரியுதா? புரியாது. உங்க சித்தப்பா மிச்சத் தேத்தண்ணியைப் பாலும் சக்கரையுமா அதுல ஊத்தினவராச்சே, செடிக்குத் தெம்பு வரும்னு.

வா, பாத்துட்டாவது போ. குளிக்கற ரூம்ல இருக்கு. சீக்கிரம் உள்ள வந்து கதவைச் சாத்து. தட்டுல கூழாங்கல்லு, கல்லுக்கு நடுவுல தண்ணி, கல்லு மேல தொட்டி. வேரு தண்ணியில நிக்கக் கூடாது, நின்னா அழுகிடும். கெணத்துத் தண்ணி இல்ல அது, மழைக்காலத்துல பானை வச்சுப் புடிச்சு வச்சது. ஜன்னல் இடுக்குல பழந்துணி அடைச்சிருக்கேன். காலைல ரெண்டு வாளி வெந்நீர். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு மூடாம இங்கயே நிக்கும், ஆவி விட்டுக்கிட்டு. சிரிக்காதே. முப்பது வருஷம் யுனிவர்சிட்டி லைப்ரரியில இருந்தவன். படிச்சுப் பாத்துட்டுத்தான் செய்யறேன்.

ஆமா, அன்னைக்கு சிரிச்சவன் நான்தான். அதுக்கென்ன இப்போ? அவ தொட்டியைத் தூக்கிட்டு இதே ரூமுக்குப் போனா. என் அண்ணன் தம்பிங்க நாலு பேரும் உக்காந்திருந்தாங்க. புருசன் முதுகு தேய்க்க ஆள் இல்லாமக் கெடக்கான், இவ புல்லைக் குளிப்பாட்டறான்னு ஒண்ணு சொன்னேன். நல்லாத்தான் சொன்னேன், நாலு பேரும் சிரிச்சாங்களே. சாயங்காலத்துக்குள்ள அவ பொட்டியைக் கட்டிட்டா.

நீயுமா? ஊரே அதைத்தான் சொல்லுது, போய்க் கூட்டிட்டு வா, போய்க் கூட்டிட்டு வான்னு. சமாதானத்துக்குன்னு கோலாக்கொட்டையைத் தூக்கிக்கிட்டு, பெரியவங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு, உங்கப்பா வீட்டுப் பாயில நான் தலை குனிஞ்சு உக்காரணும். தேத்தண்ணி ஊத்தின அந்தச் சித்தப்பா எனக்குக் குடும்பம் நடத்தச் சொல்லிக் குடுப்பாரு. நான் கேட்டுக்கணும். வேற ஆளைப் பாரு. செடி வேணும்னா அவளே வந்து எடுத்துக்கட்டும். அதுவரைக்கும் இது இந்த ரூமை விட்டு நகராது.

என்ன அப்படிக் குனிஞ்சு பாக்கறே? சின்னதா இருக்கா? அக்கா வச்சிருந்தது தொட்டியை மூடித் தொங்குமா?

ஆமா. தொங்கிச்சு.

அது ஒம்பதாவது நாளே போயிடுச்சுப்பா. புல்லுதானே, என்ன ஆயிடும்னு ஜன்னல்ல தூக்கி வச்சேன். அப்புறம் ஜோஸ் ஊரு வரைக்கும் பஸ்ஸுல போயி ஒண்ணு வாங்கியாந்தேன். அதைத் தெளிச்சுத் தெளிச்சே கொன்னேன், அதே சட்டைக் குப்பியால. இது மூணாவது. தொட்டி மட்டும்தான் அவளோடது. கூடையில வச்சு அனுப்பினா ஒரு பார்வையில கண்டுபுடிச்சுடுவா. நீ ஒண்ணும் சொல்லிக்காதே, நானே சொல்லிக்கறேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு உங்கப்பா வீட்டுல இருப்பாரா? சும்மாதான் கேக்கறேன். சித்தப்பாவும் வருவாரா? வரட்டும், வரட்டும்.

கூடையை எடுத்துக்க. கதவை நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போ, காத்து வருது.