ஜாதிக்காய்க் குடாவுக்கு வந்த எண்ணெய் அதிபர்

துபாய் தேராக் கடைத்தெருவில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தாலும் ஏலக்காய் வாசனையை வைத்தே எவருடைய கடையைக் கண்டுபிடித்துவிடலாமோ, அந்தக் கடையை நடத்திவருபவரும் இந்தப் பொங்கல் விழாவுக்குத் தலைமை ஏற்றிருப்பவருமான, கீழக்கரை ஈன்ற பெருந்தகை ஜனாப் கலீலுர் ரஹ்மான் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! கைக்குழந்தையை ஒரு தோளிலும் கரும்புத் துண்டை மறு தோளிலும் சாத்திக்கொண்டு இந்தப் பள்ளிக்கூட முற்றத்தைப் பூந்தோட்டமாக்கியிருக்கும் தாய்மார்களே! புஜைராவிலிருந்து மலைப்பாதையில் லாரியில் குலுங்கிக் குலுங்கி வந்து, குலுங்கிய களைப்பு ஆறுமுன்பே கைதட்டத் தொடங்கிவிட்ட தொழிலாளர் கேம்ப் சகோதரர்களே! ஓமான் நாட்டுச் சோஹாரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கும் நண்பர் தியாகு அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, ‘சுருக்கமாகப் பேசுங்கள்’ என்று கண்ணாலேயே ஆணையிடும் என் துணைவி நளினி அவர்களே! அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம்.

நான் பத்மநாபன். துபாயிலிருந்து கீழ்த்திசைத் துறைமுகங்களுக்குப் போய்வரும் சரக்குக் கப்பலொன்றில் இரண்டாம் எஞ்சினியர். கப்பலின் வயிற்றுக்குள் சத்தத்தோடும் சூட்டோடும் குடித்தனம் நடத்துகிறவன். எனக்கு எதற்கு மேடை? ஒலிபெருக்கியைக் கண்டால் அதைக் கழற்றிப் பார்க்கத்தான் எனக்குக் கை வரும். ஆனாலும் வந்து நிற்கிறேன். ஏன் நிற்கிறேன்? ஓர் ஊருக்காக நிற்கிறேன். உலகப் படத்தில் ஒரு புள்ளிகூடப் பெறாத ஊர். ஆனால் ஒருமுறை பார்த்தவன் உள்ளத்தை விட்டு ஓடாத ஊர். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், மேற்குக் கரையில், மலையின் மடியில் படுத்துக்கொண்டு கடலில் கால் நீட்டியிருக்கும் சிற்றூர். பெயர் தெலுக் பாலா.

பின்னால் ஒரு சகோதரர் கேட்கிறார்: பாலா என்பது யார், அந்த ஊர் மாப்பிள்ளையா என்று. இல்லை ஐயா. அவர்கள் மொழியில் தெலுக் என்றால் குடா, பாலா என்றால் ஜாதிக்காய். ஜாதிக்காய்க் குடா! பெயரே மணக்கிறதா, இல்லையா?

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அங்கே என்ன இல்லை? மலையேறினால் ஜாதிமரம். இறங்கினால் இலவங்க மரம். ஜாதிப் பழம் வெடித்தால் உள்ளே கறுத்த கொட்டை. கொட்டையைச் சுற்றிச் செக்கச் சிவந்த ஜாதிபத்திரி. மணப்பெண்ணுக்குப் பட்டு சுற்றியது போல! பாறைக்கு நடுவே வெந்நீர் ஊற்று. விறகும் வேண்டாம், வெந்நீர்ப் பானையும் வேண்டாம். மழையா? அடடா, மழை! நாம் இங்கே வானம் தூறினால் ஆபீஸைப் பூட்டிவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். அங்கே மழை மதியச் சாப்பாடு போல, வேளை தவறாமல் வந்துவிடுகிறது. இன்னும் கேளுங்கள். கப்பலை அவர்கள் ‘கப்பால்’ என்கிறார்கள். கடையைக் ‘கடை’ என்கிறார்கள். பெட்டியைப் ‘பெத்தி’ என்கிறார்கள். என்றைக்கோ எவரோ நம்மவர் போய், சரக்கை விற்றுவிட்டுச் சொல்லை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்!

தாய்மார்களே, உங்களுக்கென்றே ஒரு செய்தி. அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு, தோப்பு பெண்ணுக்கு, வயல் பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறார். போதும் அம்மா, போதும்! இவ்வளவு கைதட்டினால் பக்கத்திலிருக்கும் ஆண்மக்கள் எப்படி ரூமுக்குத் திரும்புவார்கள்?

அந்த ஊருக்கு நாங்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை. போன ஆண்டு பாடாங் துறைமுகத்தில் மரச் சரக்கை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட எங்கள் கப்பலின் எஞ்சின், கரையைத் தாண்டுமுன்பே விரிசல் விட்டது. ஊர்ந்து ஊர்ந்து ஒதுங்கிய இடம் அந்தக் குடா. மாற்றுப் பாகம் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். அதுவரை நங்கூரம் போட்டு நில் என்று உத்தரவு. நின்றோம். வாரக்கணக்கில் நின்றோம்.

எங்கள் எஞ்சின் அறையில் முனியசாமி என்று ஒருவர். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுவது அவர் வேலை. கப்பலில் அந்த வேலைக்கு ‘ஆயில்மேன்’ என்று பெயர். இந்தப் பெயரைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். வைக்காவிட்டாலும் நான் விடப்போவதில்லை. அவர் சிறுவயதில் பினாங்கில் மாமன் கடையில் இருந்தவர். சந்தை மலாய் பேசுவார். இந்தோனேசியர் பேச்சுக்கு அது போதும். ஆகவே தண்ணீர் கேட்கப் போனதும் அவர். காய்கறி வாங்கப் போனதும் அவர். சில நாளில் ஊராருக்கு உறவானதும் அவர்.

ஊர்த்தலைவர் பெயர் ரஸ்தாம். அவருடைய மனைவி நூர் அம்மையார். தோப்பும் கிடங்கும் அம்மையாருக்கும் அவருடைய தங்கைமாருக்கும் சொந்தம். அவர்கள் வாயிலாகத்தான் ஊரின் குறை எங்களுக்குத் தெரிந்தது. எல்லாம் தந்த இயற்கை, படகு அணைய ஒரு துறை தரவில்லை. ஜாதிக்காய் மூட்டைகளைத் தலையில் வைத்து, இடுப்பளவு அலையில் இறங்கி, வியாபாரியின் படகுக்குச் சுமக்க வேண்டும். ஓர் அலை ஓங்கி அடித்தால் மூட்டை நனையும். நனைந்தால் பூசணம். ஓராண்டு உழைப்பை ஒரு நொடியில் உப்புநீர் விழுங்கும்! முனியசாமி அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார். டூட்டி இல்லாத நாளெல்லாம் அவர் தோளில் ஒரு மூட்டை.

அப்போதுதான் செய்தி வந்தது. துறை கட்ட இடம் பார்க்க அரசாங்க அதிகாரி ஒருவர் வருகிறார். கரை நெடுக ஊர்கள். துறையோ ஒன்றே ஒன்று. எந்த ஊரில் வெளியார் முதல் போட முன்வருகிறார்களோ அந்த ஊருக்கே துறை. தெலுக் பாலாவில் முதல் போட யார் இருக்கிறார்கள்? ஒருவருமில்லை. பக்கத்து ஊரிலோ ஒரு பெரிய மர வியாபாரி மாலையோடு காத்திருந்தார்.

அதிகாரி வந்தார். ஹரியோனோ என்று பெயர். ஜாவாக்காரர், மெல்லிய பேச்சு, மடிப்புக் கலையாத சட்டை. அன்று வெள்ளிக்கிழமை. முனியசாமி வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு, சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு என்று தேரைப் போல வந்துகொண்டிருக்கிறார். பின்னால் நானும் மூன்றாம் எஞ்சினியரும் எண்ணெய்க் கறை படிந்த காக்கியில். அதிகாரி குடாவில் நிற்கும் கப்பலைப் பார்த்தார். வெள்ளை உடையைப் பார்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

முனியசாமி, துபாய் என்றார்.

அங்கே என்ன தொழில் என்று கேட்டார்.

ஆயில்மேன் என்ன சொல்வார்? எண்ணெய் வேலை என்று சொன்னார்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். தலைவரே சிரிக்கிறாரே! அன்பர்களே, எண்ணெய் விலை எகிறிக் கிடக்கும் இந்த எழுபதுகளில், துபாயிலிருந்து கப்பலோடு வந்து, வெண்ணிற ஆடையில் நின்று, எனக்கு எண்ணெயில் வேலை என்று ஒருவர் சொன்னால் உலகம் அவரை என்னவென்று நினைக்கும்? முதல் போட வந்தவரே இவர்தான் என்று அதிகாரி முடிவுகட்டிவிட்டார். அடுத்த கணம் அவர் தலைக்குமேல் குடை. அவருக்குப் பின்னால் நாற்காலி. அவர் கையில் இளநீர். அதிகாரியோடு வந்த புகைப்படக்காரர் மண்டியிட்டுப் படம் எடுக்கிறார். என்னையும் மூன்றாம் எஞ்சினியரையும் அவருடைய மெக்கானிக்குகள் என்று ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். நம்மவருக்கோ ஒன்றும் புரியவில்லை. சுமை தூக்கிய நன்றிக்கு ஊர் செய்யும் மரியாதை என்று எண்ணி, இளநீரைக் குடித்துவிட்டு எல்லாரையும் கும்பிட்டார். அந்தக் கும்பிடைக் கண்டு அதிகாரி உருகிப்போனார். இவ்வளவு பெரிய மனிதர், இவ்வளவு பணிவா என்று!

விருந்து நடந்தது. நூர் அம்மையார் சமைத்த மீனும் தேங்காய்ப்பாலில் வற்றிய இறைச்சியும் இலையில் மணக்கின்றன. அதிகாரி எழுந்தார். துபாய் நாட்டு எண்ணெய் அதிபர் ‘மோடால்’ போட முன்வந்த இந்த ஊருக்கே துறை என்றார். மோடால் என்றால் தெரிகிறதா? முதல்! நம் முதல்தான் அங்கே மோடால்! ஊர் ஆர்ப்பரித்தது. முனியசாமியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஊர்த்தலைவர் ரஸ்தாமுக்கும் விளங்கியது. அவர் முனியசாமியின் காதருகே குனிந்து, அதிகாரி படகேறும்வரை பேசாமலிருக்கும்படி கெஞ்சினார். ஊரே வாழ்ந்துபோகும் என்றார்.

முனியசாமி, பின்னால் ஒதுங்கி நின்ற என் பக்கம் திரும்பினார்.

“சார், இவரு என்னைய மொதலாளின்னு நெனச்சுக்கிட்டாரு. எந்திரிச்சுச் சொல்லிப்புடுறேன்.”

சொன்னால் துறை போய்விடுமே என்றேன்.

“நாம இன்னைக்கோ நாளைக்கோ கப்பலேறிப் போயிருவோம் சார். பொறவு விசயம் தெரிஞ்சா, இந்த ஊருக்காரவுகளப் பொய்யனுகன்னுல்ல சொல்லுவாக. அவுக ஒரு பொய்யுஞ் சொல்லலையே.”

எழுந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். மலாயில் பேசினார். எண்ணெய்க் கிணறு தம்முடையதல்ல, எண்ணெய்க் குவளைதான் தம்முடையது என்றார். கப்பலில் தாம் கடைசிப் படியிலிருக்கும் கூலியாள் என்றார். ஒதுங்கி நிற்கும் காக்கிச் சட்டைக்காரர்தான் தம்முடைய மேலதிகாரி என்றார். தவறு ஊராருடையதல்ல, தம்முடைய பேச்சால் வந்தது என்று கைகூப்பினார்.

அதிகாரியின் முகம் சிவந்தது. கலாஸ், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போது நூர் அம்மையார் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னதை முனியசாமி பின்னர் எனக்குச் சொன்னார்:

“இந்த ஊருக்கு எத்தனையோ பெரியவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் மூட்டையைத் தூக்கியவர் இவர் ஒருவர்தான். தோப்பு எங்களுடையது. எங்கள் காயை விற்க இவரிடம் கொடுத்து அனுப்புகிறோம்.”

அதிகாரி இலையைத் தள்ளிவைத்தார். பிறகு முனியசாமியிடம், துபாயில் இந்தக் காயை வாங்க ஆள் உண்டா என்று கேட்டார். ஆம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாரா? கேட்டுப் பார்க்கிறேன், வாங்குவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது என்றார் இந்த மனிதர்! அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் உதட்டில் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என்னிடம் ஒன்றுமில்லை என்று தாமாகவே எழுந்து சொன்ன முதலீட்டாளரை என் உத்தியோக காலத்திலேயே நான் கண்டதில்லை என்றார். அடுத்த பெருமழைக்காலம் வரை அந்தத் துறையை எந்த ஊருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைப்பதாக வாக்களித்தார். அதற்குள் முதல் போட்டு வாங்குவோர் வந்தால் அது தெலுக் பாலாவுக்கு. வராவிட்டால் பக்கத்து ஊருக்கு.

மாற்றுப் பாகம் வந்து, கப்பல் துபாய் திரும்பியது. இறங்கியதும் முனியசாமி எங்கே போனார்? துண்டில் முடிந்த ஜாதிக்காயோடு நம் தலைவரின் கடைக்குப் போனார். தலைவர் ஒன்றை எடுத்துப் பாக்குவெட்டியால் பிளந்து, முகர்ந்து, கண்ணை மூடினார். பிறகு சொன்னார்:

“சரக்கு நல்லாருக்கு தம்பி. ஒரு வருசம் நான் வாங்கிருவேன். மறுவருசம் வேற எடத்துல வெல கொறஞ்சா அங்கிட்டுப் போயிருவேன், நான் யாவாரி. அந்த ஊரு நிக்கணும்னா நாலு பேருக்கு அந்த யாவாரத்துல பங்கிருக்கணும். ஆளுகளக் கூட்டுங்க.”

கூட்டியிருக்கிறோம்! அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

அன்பர்களே, இந்தப் பாலைநிலம் நமக்குச் சோறு போடுகிறது. அதை மறப்பவர் நம்மில் எவருமில்லை. ஆனால் இங்கே கடை நம்முடைய உழைப்பு, கடைப்பலகையில் நமக்குப் பொறுப்பு நிற்கும் அரபு கஃபீலின் பெயர். பாஸ்போர்ட் நம்முடையது, அது உறங்குவது முதலாளியின் மேசையில். நாம் எழுப்பும் கட்டடத்தில் நமக்கொரு சன்னல் உண்டா? நாம் இழைக்கும் கதவில் நமக்கொரு சாவி உண்டா? அங்கே, பெயர் தெரியாத அந்தக் கரையில், ஒரு பெண்மணி எழுந்து நின்று, நம்மில் ஒருவரை நம்பித் தன் தோப்பின் காயைக் கொடுத்தார். கையெழுத்தா கேட்டார்? கஃபீலா கேட்டார்? மூட்டை சுமந்த தோள் போதும் என்றார். அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்? மாஃபி, கிடையாது என்று கையை விரிப்போமா? இல்லை, யல்லா, புறப்படு என்று எழுந்து நிற்போமா?

ஆ! புஜைரா சகோதரர்கள் எழுந்துவிட்டார்கள். என்ன ஐயா? ரூமில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பங்கா? ஆகட்டும்! பக்கத்து ரூமும் ஒன்றா? ஆகட்டும், ஆகட்டும்! சோஹார் தியாகு கையைத் தூக்குகிறார். தாய்மார்கள் பக்கம் ஒரு கை, இரண்டு கை... எண்ணவில்லை அம்மா, எண்ணினால் கண் பட்டுவிடும். நளினி, நீயுமா? கேட்டீர்களா, என் வீட்டிலேயே எனக்கு முன்பாகப் பங்கு போய்விட்டது! தலைவர் அவர்கள் இருக்கையை விட்டு எழுந்து நிற்கிறார். முதல் பருவத்துக் காய் முழுவதும் அவர் கடைக்கே என்கிறார். அப்படியானால், அன்பர்களே, துறை தெலுக் பாலாவுக்கே!

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாரே, அவரைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிடுங்கள். வாருங்கள் முனியசாமி, மேடைக்கு வாருங்கள். கப்பல் வேலையை இவர் விட்டுவிட்டார். நம் எல்லாருக்காகவும் சரக்குப் பார்த்து வாங்கி அனுப்ப அடுத்த மாதம் அந்த ஊருக்கே குடிபோகிறார். தனியாக அல்ல. கலியாணமாகி இத்தனை ஆண்டில் லீவுக்கு மட்டுமே கணவன் முகம் கண்ட இவர் மனைவி சரசு, சென்னையிலிருந்து கப்பலேறி அங்கே வந்து சேர்கிறார். இனி அந்தக் குடும்பத்தில் லீவு என்ற பேச்சே இல்லை. கேம்ப் சகோதரர்களே, இதன் அருமை உங்களைவிட யாருக்குத் தெரியும்?

இவரைப் பேசச் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறார். ஆகவே நானே முடித்துவிடுகிறேன். அந்த ஊரில் நன்றி சொல்ல ‘தெரிமா காசி’ என்பார்கள். முதன்முதலில் கேட்டபோது, காசியைத் தெரியுமா என்று கேட்கிறார்கள் போலும் என்று நினைத்து, இன்னும் போகவில்லை என்று பதில் சொன்னவன் நான். இப்போது பொருள் தெரிந்தே சொல்கிறேன். செவி கொடுத்த பெரியோர்களுக்கும், கை உயர்த்திய தாய்மார்களுக்கும், மலை தாண்டி வந்த சகோதரர்களுக்கும், தெரிமா காசி! அடுத்த லீவில் தெலுக் பாலாவின் புதுத் துறையில், மழையில் நனைந்தபடி, உங்களை வரவேற்க முனியசாமியும் சரசுவும் காத்திருப்பார்கள். வணக்கம்.