நொரீனின் வண்டியில் கேட்ட சத்தம்

பழைய மோட்டார் சைக்கிளில் ஏதோ சத்தம் வருகிறது என்று யாராவது வந்து நின்றால், அது எப்போது நிற்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். வண்டி சூடானதும் நின்றுவிட்டால் பிஸ்டன், பயமில்லை, ஓட்டலாம். மேலே டிக் டிக் என்று விடாமல் கேட்டால் டாப்பெட். அரை மணி நேர வேலை. ஆக்சிலேட்டரைக் குறைக்கும்போது மட்டும் எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து டொக் டொக் என்று வந்தால், அது கனெக்டிங் ராடின் அடி பேரிங். அந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் எங்கள் பழைய வண்டிச் சங்கத்தில் முப்பது வருஷமாக இதைச் சொல்கிற ஆள் நான்தான். என் பெயர் வில்ஃப் பார்ஜெட்டர். மே மாதம் எல்லாரும் மலைப்பாதையில் வண்டியில் போகும் ஓட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை மாலை, மதுக்கடை முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, மரப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பேன். நான் சரி என்றால் செயலாளர் பின் மட்கார்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். என்னோடு வாதாடுகிறவர் எல்லாருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். 1987 வரை ஒருவரும் வாங்கித் தந்ததில்லை. அதில் எனக்குக் கர்வம் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்த வருஷம் நொரீன் பெடோஸ் வாதாடினாள். என் நண்பன் லெஸ்ஸின் மனைவி, நாற்பது வயது. அவளுடைய அப்பா விட்டுப்போன ஒற்றை சிலிண்டர் வண்டி, இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. அன்று அதற்கு முன் பதினான்கு வண்டிகளைக் கேட்டு முடித்திருந்தேன். எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்காமலே அரை நிமிஷம் கேட்டுவிட்டு, டாப்பெட் என்றேன்.

"டாப்பெட் இல்ல வில்ஃப். கீழேருந்து வருது. இறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டா டொக்கு டொக்குங்குது. அந்த ஸ்குரூ டிரைவர இன்னும் கொஞ்சம் கீழ வச்சுப் பாருங்களேன்."

"அம்மா தாயே, நீ தொட்டில்ல கிடக்கிறப்பவே நான் எஞ்சினுக்கு நாடி பாத்தவன்."

"அப்பருந்து அதே காதத்தான வச்சிருக்கீங்க? மாத்த வேணாமா?"

முற்றமே சிரித்தது. "வில்ஃப், உன் பொழப்புல மண்ணு விழுந்துச்சுடா" என்று யாரோ கத்தினார்கள். நொரீனும் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் பீர் வாங்கினாள். அவள் வண்டிக்கும் சாக்பீஸ் கோடு விழுந்தது.

கிளம்பும்போது முற்றத்து வாசலில் அவள் ஆக்சிலேட்டரைக் குறைத்தாள். அப்போதுதான் எனக்குக் கேட்டது. டொக் டொக். அவள் சொன்னது சரி. அவள் வாங்கிய பீர் என் கையில் இருந்தது, குடித்து முடித்தேன்.

ஓட்டத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வியாழக்கிழமை அவர்கள் வீட்டு போன் நம்பரைச் சுழற்ற ஆரம்பித்து, பாதியில் வைத்துவிட்டேன். அந்த மாதிரி பேரிங் ஆயிரம் மைல் முனகிக்கொண்டே ஓடுவதும் உண்டு என்று சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் என் வண்டியாக இருந்தால் தெருமுனை வரைகூட ஓட்டியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை, ஒன்பதாவது மைலில், இறக்கத்தில் ராடு உடைந்தது. பின்சக்கரம் இறுகி வண்டி கல்சுவரில் போய் மோதியது. அவளுக்கு இரண்டு வண்டி பின்னால் நான் வந்துகொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள்.

உடைந்த வண்டியை போலீஸ்காரர்கள் என் மெக்கானிக் பட்டறைக்கே கொண்டுவந்தார்கள். "எங்களுக்கு இதெல்லாம் புரியாது சார், நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார் சார்ஜென்ட். ஒரு மதியம் முழுக்க அதனுடன் தனியாக இருந்தேன்.

அந்தக் காலத்து வண்டிகளைச் சும்மா நிறுத்தி வைத்தால், டேங்கில் இருக்கும் ஆயில் மெல்ல எஞ்சினுக்குள் வடிந்துவிடும். அதனால் பலர் பெட்ரோல் டேப் மாதிரியே ஆயிலுக்கும் ஒரு சின்ன டேப் வைத்திருப்பார்கள். ஸ்டார்ட் செய்யும் முன் அதைத் திறக்க வேண்டும். மறந்தால் வண்டி ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கிளம்பும், சில மைல் போனதும் எஞ்சின் இறுகிவிடும். எங்கள் ஆட்கள் எல்லாரும் பயப்படுகிற மறதி அது. நொரீன் வண்டியில் அந்த டேப் திறந்துதான் இருந்தது.

நான் அதை மூடினேன். ஆயிலே வராதது போலத் தெரியட்டும் என்று, அதன் கீழே இருந்த குழாயை வடித்து, பேரிங்கை பெட்ரோலில் கழுவினேன். ஆயில் டேப் திறக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இறந்தவளுக்கு இனி என்ன கெட்ட பெயர் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

விசாரணையில் அதைப் படித்ததும் லெஸ் எழுந்து நின்றான். "அது அவ வேல இல்லைங்க. அந்த டேப்ப எப்பவும் நான்தான் தொறந்து விடுவேன். அன்னைக்கும் தொறந்தேன்னுதான்..." என்று சொல்லி நிறுத்திவிட்டான். அந்த வழக்கம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் அந்த அறையில் நான் அவனிடமிருந்து நாலு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு வாய் இருந்தது.

அதன்பின் இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அவன் வீட்டுக்குப் போனேன். டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து போய், காஸ் அடுப்பை மூடினோமா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருவான்.

"வில்ஃப், என் கை அந்த டேப்புல பட்டது எனக்கு ஞாபகம் இருக்குடா. ஜில்லுன்னு இருந்துச்சு. இல்ல, அது வேற நாளா?"

"யாருக்கும் மறதி வரும் லெஸ்."

"நீ மட்டும் இல்லன்னா நான் என்னைக்கோ போய்ச் சேந்திருப்பேன்."

இப்படிக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில் எத்தனையோ தடவை சாலையோரம் நின்று வாந்தி எடுத்திருக்கிறேன். குற்றவுணர்வு எனக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

லெஸ் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இந்த வாரம் தாண்டாது என்கிறார்கள். நேற்று என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அங்க போய் அவள எந்த மூஞ்சியோட பாப்பேன்?" என்றான். அவள் உன்னை மன்னித்திருப்பாள் என்று சொன்னேன். அழுதான்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். காலையில் வக்கீலிடம் கொடுத்து, லெஸ்ஸை அடக்கம் செய்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று சொல்லப் போகிறேன். சாகக் கிடக்கிறவனின் நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.