‘பிறகு’ என்ற பொத்தானை அழுத்தியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணியார் அவர்களே, மகளே, வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

எங்கள் முதன்மைப் பொறியாளர், நாங்கள் ‘பூட்டுக்காரர்’ என்று கூப்பிட்ட அந்த மாமனிதர், மறைந்து இன்றோடு பத்து நாள். பத்து நாளாக அவர் மனைவி, எங்கள் அண்ணியார், என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். மருத்துவமனையில் படுத்தபடி அவர் மகளுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். வீட்டுக்கு வந்து அனுப்புகிறேன் என்றார். வீட்டுக்கு வரவில்லை. அதைத் திறந்து தர முடியுமா?

திறக்க முடியாதபடி செய்தவர் யார்? அவர்தானே! மின்னஞ்சலைப் பூட்டி அனுப்புவது ஒரு காலத்தில் கணினியைக் கரைத்துக் குடித்தவர்களால் மட்டுமே ஆகிற காரியம். அதை ஒரே பொத்தானாக ஆக்கினார் பூட்டுக்காரர். அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் இருந்து கொண்டுசேர்க்கும் எங்களுக்கே அதில் ஓர் எழுத்தும் புரியாது. ஒவ்வொரு திரையையும் எங்கள் அலுவலக வரவேற்பறை அம்மாவிடம் காட்டுவார். “இது என்னங்க?” என்று அந்த அம்மா கேட்டால் போச்சு, எங்கள் ஒரு வார உழைப்பு குப்பைத் தொட்டிக்கு. நாங்கள் முணுமுணுப்போம். “அவங்களுக்குப் புரியலைன்னா தப்பு நம்ம மேல” என்பார்.

மாற்றுச் சாவி ஒன்று நிறுவனத்திடம் இருக்கட்டும் என்று மேசையைத் தட்டி வாதாடியவன் நான். அவர் குரலை உயர்த்தவில்லை. கணவனுக்குத் தெரியாமல் வழக்கறிஞருக்கு எழுதும் ஒரு பெண்ணின் கடிதம் நம் கையில் இருக்கலாமா என்று கேட்டார். மாற்றுச் சாவித் திட்டத்தை அன்றே நானே அடித்துவிட்டேன்.

கடவுச்சொல்லை மறப்பவர்களுக்கும் அவர் வழி வைத்தார். பன்னிரண்டு மீட்புச் சொற்களைத் தாளில் எழுதி வைக்கச் சொல்லும் திரை அவர் செய்தது. கீழே இரண்டு பொத்தான்கள்: ‘எழுதிவிட்டேன்’, ‘பிறகு’. ஊருக்கெல்லாம் எழுதச் சொன்னவர் ஆறு வருடமாகப் ‘பிறகு’ என்பதையே அழுத்தி வந்தார்! என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஐயோ, அன்றைக்கே ஒரு தாளை எடுத்து நீட்டியிருக்கக் கூடாதா நான்?

கடைசியிலாவது எங்கேனும் எழுதி வைத்திருப்பாரோ என்று இழுப்பறை, சட்டைப்பை, புத்தகங்கள் எல்லாம் தேடிவிட்டோம். கைபேசியும் கடவுச்சொல்தான் கேட்கிறது. நேற்று அண்ணியார் என்னை நிறுத்திக் கேட்டார். “முடியாதுன்னு சொல்றீங்களா, மாட்டேன்னு சொல்றீங்களா?”

முடியாது என்றேன். வெகுநேரம் அழுதார். அழுது முடித்ததும், “அப்ப அவர் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கார்” என்றார்.

தோழர்களே, மாற்றுச் சாவி செய்ய மாட்டோம். யார் கேட்டாலும் செய்ய மாட்டோம். ஆனால் எழுதுகிறவரே தமக்கு வேண்டிய இருவரிடம் மீட்புச் சொற்களைப் பாதிப் பாதியாக ஒப்படைக்க வழி செய்வோம். வரவேற்பறை அம்மா ஒரு கேள்வியும் கேட்காத வரையில் அந்தத் திரையை மாற்றிக்கொண்டே இருப்போம். இன்னொரு வீட்டில் இந்த நிலை வரக் கூடாது. இது அவர் படத்தின் முன் நாங்கள் தரும் வாக்கு.

மகளே, உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. மேலுறையும், எத்தனை முறை திறந்தார் என்ற கணக்கும் மட்டும்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. பெறுநர் இடத்தில் உன் முகவரி இருக்கிறது. கடைசி நாள் காலை வரை பதினேழு முறை அதைத் திறந்து திறந்து எழுதியிருக்கிறார், அம்மா.