பாதி முட்டு

எனக்குச் சத்தம் போட்டுப் பேசினால் ஆகாது சார். வீட்டில் டிவியைக்கூடப் பக்கத்து அறைக்குக் கேட்காதபடி வைத்துத்தான் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட ஆளுக்குக் கட்டட வேலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதுதான் என் வேலையே. கம்பெனியில் ஒப்பந்தப் பிரிவில் இருக்கிறேன். கம்பி கட்டுகிறவர், பூசுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர் என்று ஆளாளுக்குத் தனி ஒப்பந்தம். ஆளாளுக்குத் தனிச் சண்டை. பிளம்பர் உடைத்த சுவரை யார் பூசுவது என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் போய் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். இவரைக் கொஞ்சம் இறங்கி வரச் சொல்வேன், அவரைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்வேன். டீ ஆறுவதற்குள் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு போவார்கள். சைட்டில் என் தலை தெரிந்தாலே "தீயணைப்பு வந்தாச்சுடா" என்பார்கள். உள்ளூர எனக்கு அது பெருமைதான். வக்கீல், கோர்ட் என்று போனால் கட்டடம் பாசி பிடித்து நிற்கும். யாராவது ஒருவர் சட்டென்று முடித்துவைக்கத்தானே வேண்டும்?

இறந்துபோன சென்ட்ரிங் மேஸ்திரி என் தங்கையின் கணவர். உங்களுக்குத் தெரிந்திருக்கும்; இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுவதுதான் முறை. அந்த வேலையை அவருக்கு வாங்கிக்கொடுத்ததும் நான்தான்.

மேல்தளம் போடுவதற்குப் பலகை அடித்து, அடியில் வரிசையாக இரும்பு முட்டுகள் நிறுத்துவது அவர் வேலை. கான்கிரீட் இறுகும்வரை அத்தனை கனத்தையும் அந்த முட்டுகள்தான் தாங்கும். இறுகிய பிறகு அவர்தான் எடுக்க வேண்டும். மழையால் தளம் போடுவது தள்ளிப்போயிற்று. முட்டுகளை எடுக்க வேண்டிய தேதி மட்டும் ஒப்பந்தத்தில் அப்படியே இருந்தது. அதே முட்டுகளுக்காக அடுத்த கட்டடத்தில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நான் போனபோது சைட் மேனேஜர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"தளம் இன்னும் பச்சையா இருக்கு சார், இறுகல. இப்ப கை வைக்க முடியாது" என்றார் மாப்பிள்ளை.

"தேதி தாண்டிடுச்சுல்ல? நஷ்டத்துக்கு யாரு பொறுப்பு, நீயா?"

"மழைய நானா கூப்பிட்டேன்?"

நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜருக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒப்பந்தத்தை ரத்து செய்து வேறு ஆளைக் கொண்டுவருகிறேன் என்று குதித்தார். தங்கை குடும்பம் அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. மாப்பிள்ளைக்கு நல்லது செய்வதாகத்தான் அப்போது நினைத்தேன்.

ஒன்று விட்டு ஒன்றாகப் பாதி முட்டுகளை எடுத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். மேனேஜர் உடனே அடங்கினார். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. கோபமில்லை. நான் விளையாடுகிறேனோ என்று பார்த்தார்.

"மச்சான், இதுல பாதின்னு ஒண்ணு கிடையாது. நிக்கும், இல்லன்னா விழும்."

அவரைச் சிமென்ட் மூட்டை அடுக்கிய அறைக்குத் தனியாகக் கூட்டிப்போனேன். வேலை போய்விடும் என்றேன், தங்கையை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவர் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில், "இன்ஜினியர் சொல்லட்டும், எடுக்கறேன்" என்றார்.

இன்ஜினியர் அன்றைக்கு வெளியூரில் இருந்தார். கூப்பிட்டிருந்தால் போனை எடுத்திருப்பார். என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கூப்பிடவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், மாப்பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்க்கும்படி காதில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டொரு முறை தலையைக்கூட ஆட்டினேன். பிறகு உள்ளே வந்தேன்.

"பேசிட்டேன் மாப்பிள்ளை. பாதி எடுக்கலாம்னுட்டாரு."

"நீங்க சொன்னா சரி மச்சான்" என்றார். அவ்வளவுதான். சொல்லும்போது என் நாக்கு கூசவில்லை சார். இப்போது கூசுகிறது.

மறுநாள் காலை அவர் ஆட்களையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, முதல் வரிசையை மட்டும் தானே எடுப்பதாகச் சொல்லித் தனியாக உள்ளே போனாராம். தளம் விழுந்தபோது நான் இன்னொரு சைட்டில் டைல்ஸ் தகராறு ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தேன். அது நல்லபடியாக முடிந்தது.

யார் சொல்லி எடுத்தார் என்று மேனேஜர் என்னைக் கேட்டார். அவராகவே எடுத்திருப்பார் என்றேன். மேனேஜர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படித்தான் இருக்கும்" என்றார். எங்கள் இருவருக்கும் அது வசதியாக இருந்தது. தன்னை யாரும் கேட்கவில்லை என்று இன்ஜினியர் அடித்துச் சொன்னார். அதுவும் உண்மைதானே. மிச்சம் இருந்தது என் தங்கை மட்டும்தான். அவள் வழக்குப் போட்டால் இழுத்துக்கொண்டே போகும். நான் பேசிக்கொள்கிறேன் என்று கம்பெனியில் சொன்னேன்.

அவள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"அண்ணா, இன்ஜினியர் சரின்னுட்டாருன்னுதானே போனாரு? காலையில சாப்பிடும்போது எங்கிட்ட சொன்னாரே."

"அப்படி யாரும் சொல்லலம்மா. இன்ஜினியரையே கேட்டாச்சு."

"அப்ப எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னாரு?"

"நீ பயந்துடுவேன்னு இருக்கும்."

அவள் அழுகையை நிறுத்தினாள். அதன் பிறகு பேச்சு சுலபமாக இருந்தது. மகள் படிப்பைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், நீ அலைய வேண்டாம் என்றேன். கம்பெனி கொடுத்த தாளில், அவராகவே முடிவெடுத்து முட்டுகளை எடுத்தார் என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். என் அனுபவத்தில் அவ்வளவு சீக்கிரம் முடிந்த பேச்சுவார்த்தை வேறு இல்லை.

போன வாரம் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சுவரில் மாப்பிள்ளை படம் இல்லை. அப்பா படம் எங்கே என்று மகள் கேட்டாள். "எங்கிட்டயே பொய் சொல்லிட்டுப் போன மனுஷனுக்குப் படம் ஒண்ணுதான் கேடு" என்றாள் தங்கை. என் கையில் இருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. "ஏன்ணா, காரமா?" என்று தண்ணீரை நகர்த்திவைத்தாள். நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமலேயே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜினியரை நான் கேட்கவில்லை. கேட்டதாக மாப்பிள்ளையை நம்பவைத்தேன். அவர் மனைவியிடம் சொன்னது பொய் இல்லை. என்னை நம்பிச் சொன்னது. அவரை நான்தான் கொன்றேன்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று சார், தங்கைக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். இப்போதுதான் கொஞ்சம் தூங்குகிறாள். அவளுக்கு மிச்சம் இருக்கிற ஒரே துணை அண்ணன்தான். எனக்காகக் கேட்கவில்லை.