கிளிஃப் காப்பாத்தின பீர்

…காக்டெயில்னு ஒண்ணைக் கலக்கி, அதுல காகிதக் குடை வேற சொருகித் தர்றா, தலைவரே. குடிக்கிற கிளாஸுக்கு எதுக்குக் குடை? இந்த மழையில நனைஞ்சு வந்திருக்கீங்களே, உங்களுக்கு ஒரு குடை குடுத்தா அதுல அர்த்தம் இருக்கு. பூட்ஸைக் கணப்புப் பக்கமா நீட்டிக்குங்க. ஹேசல் ஒண்ணும் சொல்ல மாட்டா. கடை அவளோடதுதான், ஆனா மனுஷங்களை விரட்டற பழக்கம் இல்ல. அதான் இந்தக் கண்ட கண்ட கூட்டமெல்லாம் வருது.

பஸ்ஸா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் வேக்ஃபீல்டுக்கு பஸ்ஸா… வரும். இல்லன்னா வராது. அதுக்குள்ள ஒரு பைன்ட் பீரு போடலாம். இல்ல இல்ல, பர்ஸை உள்ள வைங்க. முதல்ல நான் வாங்கறேன், அடுத்தது உங்க முறை. தன் முறைக்கு வாங்கித் தராம எழுந்து போற ஆளை இந்த ஊரு மன்னிக்காது, பயப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. ஹேசல், இவருக்கு ஒரு மைல்டு பீரு. நீங்க அந்த வெளிர் லாகர் பீருன்னு சொல்ல வந்தீங்க, நான் காதுல வாங்கிக்கல. உங்க நல்லதுக்குத்தான்.

குடிங்க. எப்படி? கறுப்பா இருக்குன்னு பயந்துடாதீங்க, காட்டமே கிடையாது. ரொட்டியைச் சுட்டா ஓரத்துல ஒரு வாசனை வருமே, அது தெரியுதா? நிலக்கரிச் சுரங்கத்துக்காரங்க குடிச்ச பீரு. எங்கப்பா குடிச்சாரு. சுரங்கத்தை மூடிட்டாங்க, சரி, அதுக்காகத் தாகத்தையும் மூடணுமா?

இப்ப விஷயம் என்னன்னா, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்த மைல்டு பீப்பாய் காலியாகணும். உங்களை மாதிரி வழிப்போக்கருக்கெல்லாம் வாங்கிக் குடுத்து அடிக்குக் கொண்டு வந்துட்டேன், இன்னும் கொஞ்சம்தான். இல்லன்னா இனிமே மைல்டே வாங்க மாட்டேன்னு ஹேசல் சொல்லிட்டா. பீப்பாயிலிருந்து பீரை இழுக்கற அந்தக் கைப்பம்பைப் பிடுங்கிட்டு அந்த இடத்துல ஐஸ் பெட்டி வைக்கப் போறாளாம். காக்டெயிலுக்கு. அவளைச் சொல்லியும் குத்தமில்ல… இது உயிருள்ள பீரு, பீப்பாய்க்குள்ளயே இன்னும் பொங்கிக்கிட்டு இருக்கும். திறந்து காத்து பட்டா மூணே நாள், அப்புறம் சட்னிக்கு ஊத்தற காடிதான். போன வாரமும் அதுக்கு முந்தின வாரமும் பாதிப் பீப்பாயைச் சாக்கடையில ஊத்தினா. நான் பக்கத்துல தொப்பியைக் கழட்டிட்டு நின்னேன். அழலை. மழை.

கூட்டம் போட்டேன் தலைவரே, சும்மா இல்ல. இதே அறையிலதான். எல்லாரும் வந்தாங்க, மேசையைத் தட்டினாங்க. மைல்டு நம்ம உரிமை, விட்டுக் குடுக்க மாட்டோம்னாங்க. கத்திக் கத்தித் தொண்டை காஞ்சதும் ஆளுக்கொரு ஜின் வாங்கிக்கிட்டாங்க. அந்தப் பாட்டுக் குழுப் பொம்பளைங்க இருக்காங்களே, சன்னல் பக்கம், அவங்க ரெண்டு ரெண்டு வாங்கினாங்க.

முன்னாடி ஸ்டான் இருந்தான். அவனும் நானும்தான் மைல்டுக்குத் தூண் மாதிரி. சேச்சே, சாகலை. ஸ்பெயின்ல மக வீட்டுக்குப் போயிட்டான். அங்க வெயில்ல உக்காந்து சில்லுனு லாகர் குடிக்கிறானாம், போட்டோ எடுத்து அனுப்பறான். அதுக்குச் செத்தே போயிருக்கலாம்.

மெதுவா, மெதுவா. அவசரமில்ல. வேகமாவும் குடிக்கலாம், அதுவும் தப்பில்ல.

என்ன அப்படிப் பாக்கறீங்க? இதுவா? என்னோட ஈயக் குவளை. அந்த உத்தரத்து ஆணியில தொங்குமே, வேற யாரும் தொடக் கூடாது. இல்ல… நானும் மைல்டுதான். வாசனையா? என்ன வாசனை? அடுப்பங்கரையில ஆட்டுக்கறி வேகுது, அது… பழ வாசனையா. ம்.

கொஞ்சம் கிட்ட வாங்க. பாட்டுக் குழு பக்கம் திரும்பாதீங்க.

இது மைல்டு இல்ல.

ருபார்ப் ஜின். நம்ம ஊர்லயே இருட்டுக் கொட்டகையில மெழுகுவத்தி வெளிச்சத்துல வளப்பாங்களே, அந்தச் சிவப்புத் தண்டுதான். அதைப் பிழிஞ்சு, ஜின் ஊத்தி, முட்டை வெள்ளையைக் கலந்து குலுக்கறா. மேல அப்படியே நுரை நிக்கும். ஈயக் குவளையில ஊத்திட்டா வெளியில இருந்து பாக்கறவனுக்கு பீரு நுரைதான். இந்தக் குவளைத் தந்திரத்தை யார் கண்டுபிடிச்சாங்கன்னு நினைக்கறீங்க… நான்தான்.

குடிக்கணும்னு குடிக்கலை தலைவரே. ஒருநாள் இந்தக் குடைச் சமாச்சாரத்துக்காக அவளைப் பிடிச்சுத் திட்டிக்கிட்டு இருந்தேன். அவ சிரிச்சுக்கிட்டே, “ஒரு வாய் குடிச்சுட்டுத் திட்டு ராசா, திட்டு இன்னும் நல்லா வரும்”னா. துப்பிக் காட்டலாம்னுதான் வாயில ஊத்தினேன். முதல்ல புளிப்பு, கண்ணைச் சுருக்க வைக்குது. அப்புறம் ஒரு இனிப்பு. அதுக்குப் பின்னாடி அந்த ஜின்னு, செருப்பைக் கழட்டிட்டு வர்ற மாதிரி சத்தமில்லாம உள்ள வருது… துப்பலை.

குளிக்கும்போதெல்லாம் இதே யோசனைதான். இத்தனை வருஷம் நான் குடிச்சது மைல்டா, இல்ல ‘மைல்டு கிளிஃப்’னு இவங்க என்னைக் கூப்பிடற அந்தப் பேரா? அந்தப் பேரை எடுத்துட்டா இந்த நாற்காலியில யாரு உக்காந்திருக்கான்? கேட்டுப் பாத்தேன். சோப்பு கண்ணுல போனதுதான் மிச்சம்.

என்ன கேட்டீங்க? ஸ்டான் போனப்புறம் மைல்டு குடிக்க யார் யார் மிச்சம்னா… நான். அப்புறம்… நான்தான். சரி சரி, புரியுது. நான் குடிக்காம விட்டதுதான் சாக்கடைக்குப் போகுது. எனக்கும் தெரியும். அதைக் கேட்டுட்டு இப்படிப் பளிச்சுனு சிரிக்க வேணாம்.

பஸ் சத்தமா? உக்காருங்க, அது பால் லாரியா இருக்கும்… சரி, கவுன்டர்கிட்ட போய்ப் பாருங்க, அங்கிருந்து ரோடு தெரியும். ஹேசல்கிட்ட என்ன ரகசியம் பேசறீங்க? தலைவரே? ஏய், கதவு… மழை உள்ள அடிக்குது பாருங்க.

ஹேசல், அந்த ஆளு எங்க? போயிட்டாரா? நல்ல மனுஷன், அதிகம் பேச மாட்டாரு. இது யாருக்கு? எனக்கா? மைல்டா? அவரு முறைக்கு வாங்கி வச்சுட்டாரா… ஐயையோ. இல்ல, வேணாம்னு சொல்லலை. வாங்கி வச்சதைத் திருப்பற அளவுக்கு நான் கெட்டுப் போகலை. ஆனா ஏன் எல்லாரும் இங்கயே பாக்கறாங்க?

என்னது? பம்பு இருமிடுச்சா? நல்லா இழுத்துப் பாத்தியா? வெறும் காத்துதான் வருதா? அப்ப இதான் கடைசியா. பீப்பாய் காலியா. ஹேசல், ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி. பாட்டுக் குழு எதுக்குக் கை தட்டுது? உக்காருங்கம்மா, உக்காருங்க…

சரி. குடிக்கறேன்.

ம்.

நல்லாத்தான் இருக்கு. சனியன், நல்லாத்தான் இருக்கு. இதை எப்படி விட்டேன்?

என்ன கேக்கறே? அடுத்த வாரத்துக்கும் மைல்டு வரவழைக்கணுமான்னா? எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது கேக்கறே பாரு… சொல்லு. ஒரு பீப்பாய் சொல்லு. வியாழன், வெள்ளி, சனி நான் பாத்துக்கறேன். என்ன சிரிப்பு? குடிப்பேன்னா குடிப்பேன். ஞாயித்துக்கிழமை மட்டும்… ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் அந்தச் சிவப்பு ஜின். இல்ல, காதுல சொல்லலை, சத்தமாவே சொல்றேன். குவளையில வேணாம். கண்ணாடி கிளாஸ்லயே ஊத்து. பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும்.